மலையக வீட்டுச் சீலிங்கில் டெக்ஸ்சர்: பூசுவது, பழுதுபார்ப்பது, மூடுவது

சீலிங்கில் சொரசொரப்பாக டெக்ஸ்சர் பூசினால் ஸ்லாப்பின் பலகைத் தடம், பூச்சின் மேடு பள்ளம், மூட்டுகளின் சிறு ஏற்றத்தாழ்வு எல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். மேற்பரப்பு முழுக்கச் சிறு சிறு நிழல்கள் விழுவதால் பெரிய குறை தனியாகத் தெரிவதில்லை. ஆனால் ஈரத்தை அது மறைக்காது. நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் உரிந்து தொங்கும் டெக்ஸ்சர் சீலிங்கைப் பார்த்தால், பூசியவரின் கைப்பிழையைவிட, மேலிருந்தோ உள்ளிருந்தோ வந்த ஈரம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் இங்கே பூசும் வேலைக்குக் கொடுக்கும் இடத்தைவிட, பூசுமுன் பார்க்க வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அவசரப்பட்டு அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் கறை என்ன சொல்கிறது என்று பாருங்கள்

ஓரம் கடும் பழுப்பாகவும் நடு வெளிறியும் இருக்கும் வளையக் கறை, கூரை ஒழுக்கின் அடையாளம். தகரத்து ஆணியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கலாம். பீலியில் சவுக்கு இலையும் யூகலிப்டஸ் இலையும் அடைத்து, தண்ணீர் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கலாம். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ரீப்பை வழியாகச் சரிவில் ஓடி, முதல் தடங்கலில்தான் சொட்டும். அதனால் கறையிலிருந்து கூரையின் உச்சிப்பக்கமாகத் தேடிப் போக வேண்டும். அடைத்த பிறகு ஒரு நல்ல மழை பெய்து, புதுக் கறை வரவில்லை என்று தெரியும் வரை சீலிங்கில் கை வைக்க வேண்டாம்.

சிறு கறும்புள்ளிகள் கூட்டமாக, அதுவும் வெளிச்சுவர் மூலையிலும் அலுமாரிக்கு மேலேயும் குசினியை ஒட்டிய காம்பராவிலும் இருந்தால் அது ஒழுக்கு அல்ல, பூஞ்சணம். இரவில் தகரம் குளிர்ந்து, அதன் கீழுள்ள சீலிங்கும் குளிர்ந்துவிடுகிறது. சோறு வேகும் ஆவி, வீட்டுக்குள் காயப்போட்ட உடுப்பின் ஈரம், ஆட்களின் மூச்சு எல்லாம் அந்தக் குளிர்ந்த பரப்பில் போய்த் தண்ணீராகப் படிகிறது. இதற்குக் கூரையைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. குசினி ஆவி வெளியே போக வழி வேண்டும். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே இரு பக்கமும் காற்று போய்வர வலையடித்த துவாரம் வேண்டும். கூரை வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தால், தகரத்தின் கீழே பளபளப்பான ஃபொயில் தாளை விரித்துவிடுங்கள். பல வீடுகளில் பூச்சி வருகிறது என்று அந்தத் துவாரங்களைச் சீமெந்து வைத்து அடைத்திருப்பார்கள். அதைத் திறந்து வலை அடித்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

கொங்கிரீட் ஸ்லாப்பில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் தண்ணீர் ஸ்லாப்பை ஊடுருவி, சீமெந்தின் உப்பைக் கரைத்துக் கொண்டு வருகிறது. மேல்மாடியைப் பிறகு கட்டலாம் என்று கம்பியை நீட்டிவிட்டு நிறுத்திய ஸ்லாப்பில் இது அதிகம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தாலும், நீட்டிய தூண் கம்பியின் அடியாலும் இறங்கும். கீழேயிருந்து எந்தப் பூச்சுப் பூசினாலும் நிற்காது. மேலே சரிவு எடுத்து, வாட்டர்ப்ரூஃப் பூசி, கம்பி அடியை மோர்ட்டார் வைத்து மூடிய பிறகே கீழ் வேலை.

ஸ்லாப்பில் நேர்கோடாகத் துருக்கறை, அதோடு சீமெந்து பொருக்குப் பொருக்காக வீங்கி விழுதல் என்று கண்டால் டெக்ஸ்சர் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிரீட்டைத் தள்ளுகிறது. அதன் மேல் பூசுவது ஆபத்தை மூடி வைப்பதாகும். கட்டட வேலை தெரிந்த பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எந்தக் கறையும் இல்லை, ஆனாலும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பொலித்தீன் துண்டை, நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சீலிங்கில் இறுக்கி விடுங்கள். மறுநாள் வரை அப்படியே இருக்கட்டும். பொலித்தீனின் உட்பக்கம், அதாவது சீலிங்கைத் தொடும் பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சீலிங்குக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இந்த ஒரு நாளைச் செலவழிப்பது நல்லது. புதிதாகப் பூசிய சீமெந்துப் பூச்சென்றால் குறைந்தது 28 நாள் விட்டு, அதன் பிறகும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். மழைக்காலத்தில் 28 நாள் போதாது.

சீலிங் எதனால் ஆனது?

இதைத் தெரியாமல் ஸ்கிரேப்பரைத் தூக்கக் கூடாது. மலையகத்தில் பொதுவாக ஐந்து வகை கிடைக்கும்: கொங்கிரீட் ஸ்லாப், மரப்பலகை, ஹார்ட்போர்ட் அல்லது பிளைவூட், ஜிப்சம் போர்ட், மரச்சட்டத்தில் அடித்து மூட்டுகளில் பீடிங் வைத்த தட்டைச் சீமெந்து சீட். கடைசியாகச் சொன்னது பழையதென்றால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தோ தட்டியோ சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் உறுதி.

இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடை செய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தது. 2018 தொடக்கத்திலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவெடுத்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியதை அடுத்து அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. நம் மலைகளில் பறித்த கொழுந்துக்கும் நம் தலைக்கு மேலிருக்கும் சீட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. வெள்ளை ஆனாலும் நீலம் ஆனாலும் நுண்நார் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. பிரிட்டனில் டெக்ஸ்சர் பூச்சிலேயே 1980களின் நடுப்பகுதி வரை வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தார்கள். ஆகவே வெளிநாட்டுச் சாமானால் பூசிய பழைய பங்களா சீலிங்காக இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அஸ்பெஸ்டஸ் சீட் உடையாமல், உரியாமல் இருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே பாதுகாப்பு. சாண்ட் பேப்பர் போடக் கூடாது. சுரண்டக் கூடாது. துளை போடக் கூடாது. உலர்ந்த தும்புத்தடியால் ஒட்டடைகூட அடிக்கக் கூடாது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, அந்தத் துணியைக் கழுவாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி விடுங்கள். காய்ந்ததும் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட், இமல்ஷன் இரண்டு கோட், எல்லாம் ரோலரால். இந்தச் சீட்டில் டெக்ஸ்சர் பூசுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வெயில் ஏறும்போதும் இரவு குளிரும்போதும் சீட் அசையும், பீடிங் ஓரம் வெடிக்கும். பிறகு அதைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் சுரண்டத்தான் வேண்டும், சுரண்டவோ முடியாது.

இனி, மேற்பரப்பின் நிலை. லயன் வீடுகளிலும் பழைய பங்களாக்களிலும் கோட் கோட்டாகச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கை வெள்ளையானால் எந்தப் பூச்சும் அதில் பிடிக்காது. பூசிய கலவை காயும்போது சுருங்கி, சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு தட்டுத் தட்டாக விழும். அதை ஈரமாக்கிச் சுரண்டி, ஸ்பொஞ்சால் கழுவி எடுக்க வேண்டும். பிறகு காய்ந்த பரப்பில் ஒரு டேப் துண்டை ஒட்டி விருட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப் வெறுமையாக வந்தால் சரி.

எந்த மாதம், எந்த நேரம்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா போன்ற மேற்குச் சரிவுகளுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது தொடாதீர்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் இது தலைகீழ். அங்கே ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று உலர்ந்து வீசும் காலம்தான் வேலைக்கு ஏற்றது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கு மழை நனைத்துவிடும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது வழக்கம். நீர் கலந்த பெயின்ட்டோ அக்ரிலிக் டெக்ஸ்சரோ 10 பாகைக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகாமல், காய்ந்ததுபோல் தோன்றிப் பிறகு தூளாக உதிரும். மழை குறைந்த மாதம் என்று பெப்ரவரியில் தொடங்கினாலும், காலை ஒன்பது மணிக்குப் பின் ஆரம்பித்து, மாலை மூன்று மணிக்குள் பூசி முடித்து விடுங்கள். மூடுபனி இறங்கும் முன் மேல்தோலாவது காய்ந்திருக்க வேண்டும்.

வாளியில் “24 மணித்தியாலத்தில் காயும்” என்று போட்டிருப்பது 20 பாகைக்கு மேல், காற்றில் ஈரம் பாதியளவு உள்ள இடத்துக்கான கணக்கு. 15 பாகையில், பனிமூட்டமான நாளில் அதே பூச்சுக்கு மூன்று, நான்கு நாள் ஆகும். காய வைக்கிறேன் என்று அறையைப் பூட்டிக் கரி அடுப்போ காஸ் அடுப்போ வைக்கக் கூடாது. மூடிய அறையில் கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். அதோடு, ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது போய்ச் சேரும் இடம் உங்கள் சீலிங்தான். எதிரெதிர் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சீலிங்குக்கு நேராக அல்லாமல் அறையைத் தாண்டி வீசும்படி வைப்பதே வழி. நேராக வீசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

சாமானும் அளவும்

பத்தடிக்குப் பத்தடி அறை, அதாவது 100 சதுர அடி சீலிங்குக்கு ஏறத்தாழத் தேவைப்படுபவை:

- காரம் தாங்கும் பிரைமர்: 1 லீற்றர். சொரசொரப்பான ஸ்லாப் என்றால் ஒன்றரை.
- டெக்ஸ்சர் கலவை: சராசரி 1 மில்லிமீற்றர் தடிப்புக்கு 15 கிலோ.
- இமல்ஷன்: இரண்டு கோட்டுக்கு 3 லீற்றர். மட்டமான பரப்பில் 2 லீற்றர் போதும், டெக்ஸ்சரின் குழிகள் மிச்சத்தைக் குடித்துவிடும்.
- பள்ளம் நிரப்பும் புட்டி: சீலிங்கின் நிலையைப் பொறுத்து 2 முதல் 5 கிலோ.

கலவையில் மூன்று வகை உண்டு. அக்ரிலிக் டெக்ஸ்சர் வாளியில் தயாராக வரும். விலை கூடியது, ஆனால் ஈரம் தாங்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். மலைநாட்டுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். ஜிப்சம் போர்ட் மூட்டுக்குப் பூசும் ரெடிமிக்ஸ் கலவை மலிவு, கைக்கு இலகு, பிழைத்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். நன்றாகக் காற்றோடும் படுக்கையறைக்கும் ஹோலுக்கும் மட்டும் அதைப் பாவியுங்கள். மூன்றாவது சீமெந்து அடிப்படையிலான புட்டி. இது காய்ந்து அல்ல, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. எனவே கொங்கிரீட் ஸ்லாப்புக்கும் குளிர் இடத்துக்கும் தோது. நீர் அளவு பையில் போட்டபடியே இருக்கட்டும். கலக்கி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்கிப் பூசுங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் அது மாவாக உதிரும்.

ஆயுதங்கள்: நீண்ட ரோமமுள்ள 9 அங்குல ரோலர், துளைத்துளையான ஸ்பொஞ் ரோலர், 6 அங்குல ஸ்கிரேப்பர், 12 அங்குல அகலத் தகடு, ட்ரில்லில் மாட்டும் கலக்கி, ஓரத்துக்கு 2 அங்குல பிரஷ். கண்ணாடி கட்டாயம். தலைக்கு மேல் செய்யும் வேலையில் எல்லாம் கண்ணில்தான் விழும். ஏணியில் ஒற்றைக்காலில் நின்று பூசும் பழக்கம் வேண்டாம். இரண்டு உறுதியான ஏணி நடுவே பலகை போட்டு, தலைக்கும் சீலிங்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி நின்றால் கையும் தளராது, கழுத்தும் நோகாது.

பூசும் முறை

அறையில் உள்ளதை வெளியேற்றி, தரைக்குப் பொலித்தீன் விரித்து, சுவரின் மேல் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். மெயின் ட்ரிப் ஸ்விட்சை இறக்கிவிட்டு லைட், மின்விசிறித் தொப்பிகளைக் கழற்றுங்கள்.

பூஞ்சணம் இருந்த இடத்தை, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஸ்பொஞ்சால் நனைத்து, கால் மணித்தியாலம் விட்டுத் துடைத்துக் கழுவுங்கள். ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ அமோனியா கலந்த கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். விறகடுப்புப் புகைக் கறையை வோஷிங் சோடா கரைத்த சுடுநீரால் கழுவ வேண்டும். கழுவியும் மிஞ்சும் புகைக்கறை, ஒழுக்குக்கறை இரண்டும் நீர் கலந்த பெயின்ட் வழியே மஞ்சளாக மேலே வந்துவிடும், எத்தனை கோட் அடித்தாலும் வரும். அந்த இடங்களுக்கு ஒயில் பிரைமர் ஒரு கோட் அடித்தால்தான் அடங்கும்.

வெடிப்பை ஸ்கிரேப்பர் முனையால் ஆங்கில வி எழுத்தைப் போல் சற்று அகலித்து, தூசி தட்டி, நனைத்து, புட்டி நிரப்புங்கள். போர்ட் மூட்டென்றால் டேப் இல்லாமல் நிரப்பியது அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிக்கும். பேப்பர் டேப் மெல்லியது, பலமானது, ஆனால் கீழே காற்றுக்குமிழ் விடாமல் அழுத்தத் தெரிய வேண்டும். ஒட்டும் ஃபைபர் வலை டேப் புதியவருக்குச் சுலபம். அதற்கு இறுகும் வகைக் கலவை சேர வேண்டும், வெறும் ரெடிமிக்ஸ் போதாது.

பிரைமர் ஒரு கோட் அடித்து ஒரு நாள் விடுங்கள். பலர் இதைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பிரைமர் இல்லாத பரப்பு கலவையின் தண்ணீரைச் சட்டென்று இழுத்துவிடும், உருட்டும்போதே கலவை ரோலரோடு திரும்பி வரும்.

ரெடிமிக்ஸ் என்றால் 15 கிலோவுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் தொடங்கி, இட்லி மாவுப் பதம் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகமாகக் கலக்கினால் காற்று புகுந்து, காய்ந்த பின் ஊசித்துளைகள் தெரியும். அறைக்குத் தேவையான முழுவதையும் ஒரே வாளியில் கலக்குங்கள். இரண்டாம் முறை கலக்கியது அதே பதத்தில் வராது, கோலமும் மாறிவிடும்.

முதலில் ஒரு பழைய ஹார்ட்போர்ட்டில் பூசிப் பாருங்கள். அதையும் தலைக்கு மேலே பிடித்துப் பூச வேண்டும், மேசையில் வைத்துப் பூசியது ஒன்றும் கற்றுத்தராது.

ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். ஓரம் நாலு அங்குலத்தை பிரஷால் குத்திக் குத்திப் பூசிவிட்டு, மூன்றடி அகலப் பட்டையாக ரோலரால் கலவையை ஏற்றுங்கள். ஒருவர் ஏற்ற, இன்னொருவர் பின்னாலேயே ஸ்பொஞ் ரோலரால் ஒரே திசையில் மெல்ல உருட்ட வேண்டும். அழுத்தக் கூடாது, ரோலரின் சொந்தப் பாரமே போதும். அடுத்த பட்டை, முந்தியது ஈரமாக இருக்கும்போதே நாலைந்து அங்குலம் மேலேற வேண்டும். நடுவில் தேநீருக்கு நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும், பெயின்ட் அடித்தாலும் போகாது. ஆகவே சுவரிலிருந்து சுவர் வரை நிறுத்தாமல் முடியுங்கள். பத்தடி அறைக்கு இருவர் இருந்தால் இது கடினமல்ல. தனியாகச் செய்வதென்றால் சிறிய அறையில் மட்டும் தொடங்குங்கள்.

உருட்டி முடித்த இடத்தில் குறை தெரிகிறதென்று பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போய் உருட்டாதீர்கள். மேல்தோல் கட்டியது கிழியும். குறை இருந்தால் காய்ந்த பிறகு தொட்டுத் திருத்தலாம். பட்டையான, மேடு தட்டையான கோலம் வேண்டுமென்றால், பூசிப் பளபளப்பு மங்கும் நேரத்தில், அதாவது 10 முதல் 20 நிமிடத்தில், அகலத் தகட்டை நீரில் நனைத்துச் சாய்த்துப் பிடித்து, மேட்டின் நுனியை மட்டும் தடவிச் செல்லுங்கள். குளிர் நாளில் அந்த நேரம் இரட்டிப்பாகும், விரலால் தொட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

டெக்ஸ்சர் 2 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்க வேண்டாம். தடித்தால் காயும்போது சிலந்தி வலை மாதிரி வெடிக்கும், பாரமும் கூடும். முழுதும் காய்ந்ததற்கு அடையாளம் நிறம் சீராக வெளிறுவது. கருத்த திட்டு எங்கே தெரிந்தாலும் பெயின்ட் அடிக்கக் காத்திருங்கள். ஈரத்தின் மேல் அடித்த இமல்ஷன் கொப்புளிக்கும். பெயின்ட் பளபளப்பில்லாத மட் வகையாக இருக்கட்டும், பூஞ்சணம் தடுக்கும் சரக்குக் கலந்ததாக இருந்தால் நல்லது. முதல் கோட்டை ஒரு திசையிலும் இரண்டாவதைக் குறுக்குத் திசையிலும் உருட்டினால் குழிகளின் இருபுறமும் நிறம் ஏறும்.

குசினியிலும் குளியலறையிலும் டெக்ஸ்சர் வேண்டவே வேண்டாம். புகையும் எண்ணெயும் குழிகளில் தங்கும், துடைக்க முடியாது. அங்கே மட்டமாகப் பூசி, கழுவக்கூடிய பெயின்ட் அடியுங்கள்.

பழுதுபார்த்தல்

உள்ளங்கை அளவு டெக்ஸ்சர் விழுந்திருந்தால், சுற்றிலும் விரலால் தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் வரும் இடம் வரை சுரண்டி எடுங்கள். பழைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், எனவே உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகச் சுரண்டுங்கள். விளிம்பை ஒழுங்கான சதுரமாக வெட்டாதீர்கள், கோணலாக விட்டால்தான் ஒட்டு தெரியாது. வெள்ளைப் பசைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே புட்டியை நிரப்பி, பழைய அடிமட்டத்துக்குச் சமமாக்குங்கள். அது இறுகிய பின் டெக்ஸ்சர் கலவையை ஸ்பொஞ்சிலோ குட்டைப் பிரஷிலோ தொட்டு ஒற்றி, பழைய கோலத்துக்கு ஒப்பாக்குங்கள். பழையதைவிடச் சற்றே கூர்மையாக விடுங்கள், பெயின்ட் நிரம்பியதும் சரியாகும்.

ஒப்பு நோக்க, அறையை இருட்டாக்கி டோர்ச் லைட்டைச் சீலிங்கோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாதது அப்போது தெரியும். ஒட்டுக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் எத்தனை கவனமாகச் செய்தாலும் திட்டாகவே நிற்கும். முழுச் சீலிங்குக்கும் ஒரு கோட் அடித்து விடுங்கள்.

சீலிங் தொய்ந்திருந்தால் அது டெக்ஸ்சர் பழுதல்ல. ஆணி கழன்றிருக்கும், அல்லது போர்ட் நனைந்து பாரமேறியிருக்கும். நனைந்து தொய்ந்த ஜிப்சம் போர்ட் காய்ந்தாலும் பழைய பலம் வராது. அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

எடுப்பதா, மூடுவதா

பழைய டெக்ஸ்சர் பிடிக்கவில்லை, அஸ்பெஸ்டஸ் இல்லை என்றும் உறுதி. அப்படியானால் ஓரடிச் சதுரத்தில் தண்ணீர் தெளித்து, 15 நிமிடம் விட்டுச் சுரண்டிப் பாருங்கள். களிபோல் வழிந்து வந்தால், மேலே பெயின்ட் இல்லை என்று அர்த்தம். முழுவதையும் பகுதி பகுதியாக நனைத்து எடுக்கலாம். ஸ்கிரேப்பரின் இரு முனையையும் அரத்தால் மழுக்கிக்கொண்டால் அடிப்பரப்பு கீறாது. தண்ணீர் உருண்டு சொட்டிவிட்டால் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதைச் சுரண்டுவது பெரும்பாடு, மூடுவதே புத்தி.

மெல்லிய கோலமென்றால் மேடுகளைத் தட்டிவிட்டு, பிரைமர் அடித்து, புட்டியை அகலத் தகட்டால் மூன்று மெல்லிய கோட்டாக இழுங்கள். முதலாவது குழிகளை மட்டும் நிரப்பும். இரண்டாவது குறுக்குத் திசையில். மூன்றாவதுக்குப் பின் 180ஆம் இலக்க சாண்ட் பேப்பர். தூசிக்கு எஃப்எஃப்பி2 முகமூடி வேண்டும், துணி முகமூடி போதாது.

கோலம் தடிப்பென்றால் கீழே புதுச் சீலிங் அடிப்பது மலிவாக முடியும். 12.5 மில்லிமீற்றர் ஜிப்சம் போர்ட் எட்டுக்கு நாலடி ஒன்று 25 கிலோ அளவில் இருக்கும். இரண்டு பேர் தூக்க, மூன்றாமவர் திருக வேண்டும். சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்று, ஸ்க்ரூ 8 அங்குலத்துக்கு ஒன்று. ஸ்க்ரூவின் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே அமிழ்ந்து நிற்க வேண்டும், கிழிந்தால் அது பாரம் தாங்காது. ஈரம் தாங்கும் பச்சை போர்ட்டை வாங்குங்கள். பச்சை என்றாலும் ஒழுக்கைத் தாங்காது, ஆவியைத்தான் தாங்கும்.

பிவிசி பேனல் பாரமில்லாதது, தண்ணீருக்குக் கெடாது, பெயின்ட்டும் தேவையில்லை. குளியலறைக்கு அதைவிடத் தோதானது இல்லை. ஆனால் விறகடுப்புள்ள குசினிக்கு ஆகாது. சூட்டில் வளையும், தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும். அங்கே அஸ்பெஸ்டஸ் கலக்காத ஃபைபர் சீமெந்து சீட் அடியுங்கள். வாங்கும்போது சீட்டில் அப்படி அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீட்டை மூடுவதானால், புதுச் சட்டத்தை அந்தச் சீட்டில் தொங்கவிடாதீர்கள். நான்கு சுவரிலும் கோணச்சட்டம் அடித்து, அறையின் குறுகிய பக்கத்துக்குக் குறுக்கே நெடுஞ்சட்டம் போட்டு, பழையதைத் தொடாமல் கீழே நிற்கச் செய்யுங்கள். பத்தடிக்கு மேல் அகலமான அறையென்றால் சட்டம் தொய்யும், தடித்த சட்டம் தேவை. எந்த அளவு என்று அந்த வேலை தெரிந்த பாஸிடம் கேட்டு வாங்குங்கள். சீட் உடைந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால், உடைக்காமல், நனைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி முழுச் சீட்டாக இறக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். ஓடையிலோ தேயிலை மலையிலோ எறிவதும், துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கும் மரக்கறிப் பாத்தி ஓரத்துக்கும் வைப்பதும் அந்த நாரை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவரும். எங்கே சேர்ப்பது என்று பிரதேச சபையிலோ நகர சபையிலோ கேட்ட பிறகே கழற்றத் தொடங்குங்கள்.

மூடும் முன் பழைய சீலிங்குக்கும் புதியதுக்கும் நடுவே போகும் வயர்களை மின் வேலை தெரிந்தவரிடம் காட்டி, இணைப்புகளைப் பெட்டிக்குள் போடச் செய்யுங்கள். டேங்க் குழாயோ பழைய ஒழுக்கு இடமோ மேலே இருந்தால், அதன் நேர்கீழே கழற்றிப் பார்க்கக்கூடிய இரண்டடிக்கு இரண்டடி மூடி ஒன்றை விடுங்கள். முதல் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதைத் திறந்து, டோர்ச் அடித்துப் பாருங்கள்.